ஹெல்மெற்றில் ஒட்டிய அம்மன்

உங்களுடைய தலையின் சுற்றளவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? செருப்பின் அளவு தெரிந்திருக்கும். சேட்டின் அளவு தெரிந்திருக்கும். மோதிர விரலின் அளவுகூடச் சிலருக்குத் தெரியும். தலையை மட்டும் யாரும் அளப்பதில்லை. கடையில் தொங்குவதில் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்ப்போம். உள்ளே போனால் சரி. பொலிஸ் மறிக்கும் நேரம் தலையில் ஏதோ ஒன்று இருந்தால் போதும்.

மேனுகாவுக்குத் தன் தலையின் அளவு தெரியும். ஐம்பத்துநான்கு சென்ரிமீற்றர். தையல் நாடாவை நெற்றியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, அம்மா கமலாசனி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "என்னடி, ராணிக்கு முடி செய்யப் போறியோ?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த அளவை எழுதிக்கொண்டுபோய் வவுனியாவில் மூன்று கடை ஏறி இறங்கினாள். மூன்றாவது கடைக்காரர் நாஸிம் நானாதான் ஒவ்வொன்றாக அவள் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆடாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"தங்கச்சி, இது ஒருக்காத்தான் காப்பாத்தும். ஒரு அடி பட்டா வீசிடுங்க. வெளியால பாக்க வடிவா இருக்கும், உள்ளுக்கு செத்துப் போயிருக்கும்."

அந்தப் பேச்சு அவளுக்கு விளங்கியது. அவளுடைய வேலை அப்படி. பாரிசவாதம் வந்தவர்கள், விழுந்து எழும்ப முடியாமல் போனவர்கள், இவர்களுடைய வீடுகளுக்குப் போய்க் கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பாள். பூவரசங்குளத்துக்கு உள்ளே மூன்றாம் மைல் கட்டையில் இருக்கும் வீட்டில் இருந்து புறப்பட்டால் நெளுக்குளம், குருமன்காடு என்று ஒரு நாளைக்கு ஐந்து வீடு. நான்காவது வீடு மதுசனுடையது. இருபத்துநான்கு வயது. அவனும் ஹெல்மெற் போட்டுத்தான் விழுந்தான். யாரோ ஒருவருடைய பழைய ஹெல்மெற், பட்டியும் பூட்டவில்லை. அது ஒரு பக்கம் போக அவன் ஒரு பக்கம் போனான். இப்போது சேட்டில் ஒரு பொத்தானைப் பூட்ட அவனுக்குப் பத்து நிமிடம் வேண்டும். பூட்டி முடித்தால் தாய் கைதட்டுவார். அந்தக் கைதட்டலைக் கேட்கும் ஒவ்வொரு நாளும் மேனுகாவுக்கு யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போல இருக்கும். யாரை என்றுதான் தெரியாது.

மூன்றாம் கட்டைக்குள் பஸ் வருவது காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பஸ்ஸை நம்பினால் ஐந்து வீடு இரண்டு வீடாகும். இரண்டு வீட்டுக்கு ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த ஸ்கூட்டரை வாங்கினாள். நீல நிறம், புதுசு, பதிவுப் புத்தகம் அவளுடைய பேரில். அந்தப் பகுதியில் தன் பேரில் வாகனம் வைத்திருந்த முதல் பெண்பிள்ளை அவள்தான்.

அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா இரவல் கேட்டு வந்தார்.

பெரியப்பா மயில்வாகனம் என்றால் அப்பா நடராசாவின் மூத்த அண்ணன் மட்டும் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்தின் கீழ்க் காணிக்கு வந்த குடும்பங்களில் முதல் ஆள். பதினொரு வருடமாக அம்மன் கோயிலின் தலைவர். அவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் அப்பா கதிரையில் இருந்து எழும்பிவிடுவார். அவருடைய மோட்டார் சைக்கிள் பழுது, கோயில் பொங்கலுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும்.

"பிள்ளை, ஸ்கூட்டித் திறப்பைத் தா. பின்னேரம் கொண்டந்து விடுறன்."

"ஹெல்மெற் உங்களுக்கு இறுக்கமா இருக்கும் பெரியப்பா."

"பொலிசுக்குத்தானே. தலைக்கோ?"

பின்னேரம் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. கேட்டதற்கு, "சும்மா இரு, உனக்கு ஒரு சாமான் செய்யிறன்" என்று போனில் சொன்னார். மேனுகா அன்று இரண்டு வீட்டோடு திரும்பினாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பெரியப்பா அவளுடைய தம்பி விதுசனை வவுனியாவுக்கு வரச்சொல்லி, அவனை ஓடவிட்டுத் தான் பின்னால் இருந்து வந்தார். படலைக்குள் ஸ்கூட்டர் நுழைந்தபோது அயலில் இருந்தவர்கள் எல்லோரும் வேலிக்கு மேலால் பார்த்தார்கள்.

பார்க்கத்தான் வேண்டியிருந்தது. முன்னுக்கும் இரண்டு பக்கமும் வெள்ளியாய் மினுங்கும் காப்புக் கம்பிகள். சீற்றுக்குப் புது உறை, சிவப்பு நூலால் தைத்தது. கால் வைக்கும் இடத்தில் தடித்த றப்பர் விரிப்பு. இடப்பக்கக் கண்ணாடி புதுசு. முன்பக்கத்தில் சிங்கத்தில் இருக்கும் அம்மன், இருபது முழம் தள்ளி நின்றாலும் கண் தெரியும் அளவுக்குப் பெரிய ஸ்ரிக்கர். ஹெல்மெற்றையும் விடவில்லை. அதன் இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் அம்மனின் முகம். எல்லாவற்றுக்கும் மேலே சந்தனமும் குங்குமமும்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த தகப்பன்கூட இப்பிடிச் செய்ய மாட்டார்" என்றார். பக்கத்தில் நின்ற பெற்ற தகப்பனும் ஓம் என்று தலையாட்டினார்.

"பெரியப்பாவுக்குச் சொல்லன் பிள்ளை, ஏதாவது" என்றார் அப்பா.

"நல்லா இருக்கு பெரியப்பா" என்றாள் மேனுகா. வேறு என்ன சொல்வது? கேட்காமல் செய்த வேலைக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை காலை கிரவல் றோட்டில் ஏறியபோதே ஸ்கூட்டர் இடப்பக்கம் இழுத்தது. வலக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பின்னேரம் பெரியப்பாவிடம் கேட்டாள். "அது கம்பியின்ர பாரம். பழகினால் சரி" என்றார். பழகினாள். வியாழன், வெள்ளி, சனி. திங்கட்கிழமை அம்மாவை வவுனியாவுக்குக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் இருப்பவருக்கென்று வீட்டில் இருந்த பழைய ஹெல்மெற்றைத் தான் போட்டுக்கொண்டு, நல்லதை அம்மாவின் தலையில் வைத்துப் பட்டியைப் பூட்டிவிட்டாள். அம்மாவுக்கு அம்மன் தலையில் இருக்கும் சந்தோசம்.

இரண்டாவது வியாழக்கிழமை, நெளுக்குளத்தில் பிறேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சென்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. பிரதாபனின் கராஜுக்குள் விட்டாள். பிரதாபன் குந்தி இருந்து முன்சில்லைப் பார்த்தான். எழும்பி ஹாண்டிலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்க தங்கச்சி விழுந்தனீங்கள்?"

"நான் விழேல்லை அண்ணை."

"விழாத ஸ்கூட்டிக்கு ஏன் இவ்வளவு பவுடர்?"

நாலு ஆணியைக் கழற்றி இடப்பக்கக் கம்பியை இறக்கி வைத்தான். அதற்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு உரசல். மேலே நீலம் அடித்திருந்தார்கள், ஆனால் வேறு நீலம். றப்பர் விரிப்பைத் தூக்கினான். கால் வைக்கும் தட்டு ஒரு மூலையில் வெடித்திருந்தது. முன்பக்கத்து அம்மனின் சிங்கத்துக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்த்தான், பள்ளம்.

"இது ஸ்ராண்டில இருந்து சரிஞ்சு விழுந்த காயம் இல்லை. ஓடிக்கொண்டு போய் அடிச்சது. மதகிலயோ மரத்திலயோ. இந்தச் சோடினை எல்லாம் வடிவுக்குப் பூட்டினதில்லைத் தங்கச்சி, மறைக்கப் பூட்டினது. ஆர் ஓடினது?"

பிரதாபன் கையை நீட்டினான்.

"அந்த ஹெல்மெற்றையும் ஒருக்காத் தாங்கோ."

வலப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினான். 'டக்' என்றது. இடப்பக்கத்தைத் தட்டினான். 'பொத்' என்றது.

"ஸ்ரிக்கரை எடுத்துப் பாருங்கோ."

"நீங்கள் எடுங்கோவன் அண்ணை."

"ஐயோ, நான் மாட்டன். நான் வெள்ளிக்கிழமை விரதகாரன். அம்மன்ர முகத்தில நகத்தைப் போடச் சொல்லுறியளோ?"

அவளும் போடவில்லை. ஹெல்மெற்றைப் பிரட்டி, உள்துணியைப் பிடித்து இழுத்தாள். துணி கழன்று வந்தது. உள்ளே அடியைத் தாங்கவென்று வைத்த வெள்ளை ரெஜிபோம் வெடித்த வெள்ளரிப்பழம் போலப் பிளந்து கிடந்தது. மேலிருந்து காது வரைக்கும். சுண்டுவிரல் நுழையும் அகலம்.

எட்டு நாள். அவள் எண்ணிப் பார்த்தாள். எட்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு மன்னார் றோட்டில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் ஓடியிருக்கிறாள். பட்டியை ஒழுங்காகப் பூட்டி. அதில் ஒரு நாள் அம்மாவின் தலை.

பிரதாபன் ஹாண்டிலையும் பிறேக்கையும் சரிப்படுத்திக் கொடுத்தான். வீடுவரை மிக மெதுவாக, றோட்டின் கரையோடு கரையாக ஓடி வந்தாள். வந்ததும் ஹெல்மெற்றைக் குப்புறக் கவிழ்த்து விறாந்தை மேசையில் வைத்துவிட்டு, பெரியப்பாவைக் கூப்பிடச் சொல்லித் தம்பியை அனுப்பினாள்.

பெரியப்பா வந்தார். நீளக் கைச் சேட்டு, அதன் மேல் சால்வை. கதிரையில் இருக்கவில்லை.

"பெரியப்பா, நீங்கள் எங்க விழுந்தனீங்கள்?"

"மேனுகா!" என்று அப்பா எழும்பினார்.

"கேக்கிறன்தானே அப்பா. விழுந்தால் என்ன, ஆரும் விழலாம். எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டுதான் கேக்கிறன்."

பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை, தன் தம்பியைப் பார்த்தார். "நடராசா, உன்ர பிள்ளை என்ன கதைக்குது? நாப்பது வருசம் மோட்டச்சைக்கிள் ஓடின ஆள் நான். ஷெல் விழேக்கையும் ஓடினனான். உந்தப் பொம்பிளைப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானில விழுவனோ?"

"அப்ப ஆர் விழுந்தது?"

"அதை நீயெல்லோ சொல்லவேணும். நாளுக்கு ஐஞ்சு வீடு, ஊரில இருக்கிற றோட்டெல்லாம் உன்ர றோட்டு. எங்கையோ கொண்டுபோய் அடிச்சுப்போட்டு, ஆசையாச் செய்து தந்தவனில பழியைப் போடுறாய்."

"ஸ்கூட்டியில இருக்கிற உரசலுக்கு மேலதான் நீங்கள் பூட்டின கம்பி இருந்தது! நான் விழுந்திருந்தால் கம்பியெல்லோ உரசுப்பட்டிருக்கும்?"

அது எவ்வளவு நேரான கேள்வி! சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் அந்த வீட்டில் கேட்ட ஆள் யார், கேட்கப்பட்ட ஆள் யார் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மன்மேல சத்தியம் பண்ணுங்கோ, விழேல்லை எண்டு" என்றாள் மேனுகா.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "கோயில் தலைவரிட்டச் சத்தியம் கேக்கிற அளவுக்கு வளத்து வைச்சிருக்கிறாய் நடராசா. நல்லது. நான் வாறன்."

படலை அடித்துச் சாத்தப்பட்டது. அப்பா திரும்பி, மேசையில் இருந்த ஸ்கூட்டர் திறப்பை எடுத்துத் தன் சேட்டுப் பொக்கற்றில் போட்டார்.

"இனி நீ உதில ஏறத் தேவையில்லை. ஸ்கூட்டி தம்பியிட்ட இருக்கட்டும். வேலைக்கு அவன் ஏத்தி இறக்குவான்."

"நான் காலமை எட்டு மணிக்கு முதல் எழும்ப மாட்டன், சொல்லிப்போட்டன்" என்றான் விதுசன்.

"நான் விழேல்லை அப்பா."

"ஆர் விழுந்தது எண்டது இப்ப கதை இல்லை. அண்ணையை நிக்க வைச்சுக் கேள்வி கேட்டாய். அதுதான் கதை."

அதுதான் கதையாம். உள்ளே பிளந்து கிடந்த ஹெல்மெற்றை அப்பா ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருந்தால் அவளுக்குக் கோபம் பாதியாகியிருக்கும். பார்க்கவில்லை. மேசையில் அது ஒரு வெறும் சட்டி போலக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. ஐந்து வீட்டுக்கும் போன் எடுத்து வரவில்லை என்று சொன்னாள். மதுசனின் தாய், "அப்ப நாளைக்கோ பிள்ளை?" என்று கேட்டார். மேனுகா, "பாப்பம்" என்று போனை வைத்தாள். நாளைக்கும் இல்லை, நாளன்றைக்கும் இல்லை என்றால் அந்த வேலைக்கு வேறு யாரையோ எடுப்பார்கள். ஒரு கிழவர் பொய் சொன்னதற்காக மதுசனுடைய கை பொத்தானில் நிற்கும். அவளுடைய சம்பளமும் இந்த வீட்டு விறாந்தையோடு நிற்கும்.

பின்னேரம் அம்மா சாறியை உடுத்திக்கொண்டு வந்து முன்னால் நின்றார். "எழும்பு. கோயிலுக்கு வா. அம்மனிட்டயும் பெரியப்பாவிட்டயும் மன்னிப்புக் கேள். கொப்பர் தன்ரபாட்டில இறங்கி வருவார்."

"நான் ஏன் கேக்கிறது?"

"திறப்பு வேணுமெண்டால் வா."

போனாள். மன்னிப்புக் கேட்க அல்ல. அந்த வீட்டுக்குள் இருந்தால் எதையாவது உடைத்துவிடுவாள் என்ற பயத்தில் போனாள்.

ஆறு மணிப் பூசைக்குச் சனம் நல்லாக இருந்தது. அந்தக் கோயிலில் ஆம்பிளைகள் சேட்டுடன் உள்ளே போக முடியாது. கவுண்மேந்து உத்தியோகத்தர் வந்தாலும் சரி, கனடாவில் இருந்து வந்தவர் என்றாலும் சரி, வாசலில் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். இதில் ஒரு விட்டுக்கொடுப்பும் இல்லை என்று பெயின்றில் எழுதித் தொங்கவிட்டவரே பெரியப்பாதான். பூசை முடிந்ததும் முதல் காளாஞ்சியை, வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த அந்தத் தட்டை, மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று வாங்குவதும் அவர்தான். பதினொரு வருடமாக, வெறும் மேலோடு, திருநீற்றுக் குறியோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அன்று அவர் வெளியே நின்றார். பந்தலுக்குக் கட்டிய லைற்றைப் பார்த்து, "இங்கால இழு, அங்கால இழு" என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றார். நீளக் கைச் சேட்டு.

"பாவம் பெரியப்பா" என்று அம்மா காதுக்குள் சொன்னார். "போன வெள்ளியும் உள்ள வந்து கும்பிட நேரமில்லை மனுசனுக்கு. வாசலில நிண்டுதான் காளாஞ்சி வாங்கினவர். பொங்கல் வேலை."

மேனுகா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெளியே பெரியப்பாவைப் பார்த்தாள். லைற் வயரைச் சுட்டிக் காட்டுவது வலக்கை. இழுப்பதும் வலக்கை. இடக்கை சால்வைக்குள் மடங்கி, வயிற்றோடு ஒட்டி இருந்தது. அவள் வேலை செய்யும் ஐந்து வீட்டில் இரண்டு வீட்டில் அப்படித்தான் கையை வைத்திருப்பார்கள். இவ்வளவு நாளாக அதைப் பார்க்காமல் இருந்த தன் கண்ணை நினைத்தும் அவளுக்குக் கோபம் வந்தது.

பூசை முடிந்தது. ஐயர் காளாஞ்சித் தட்டோடு வாசலை நோக்கி வந்தார். பெரியப்பா வெளிப்படியில் வந்து வலக்கையை நீட்டினார். மேனுகா பெண்கள் வரிசையில் இருந்து விலகிப் போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"சேட்டைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ பெரியப்பா."

மணி அடித்தவன் கயிற்றை விட்டுவிட்டான்.

"என்ன?" என்றார் பெரியப்பா.

"தலைவர் ரெண்டு வெள்ளியா வாசலில நிண்டு காளாஞ்சி வாங்கிறார். ஏன் எண்டு ஆரும் கேக்கேல்லை. நான் கேக்கிறன். சேட்டைக் கழட்டுங்கோ. இடது தோளைச் சனத்துக்குக் காட்டுங்கோ. ஒண்டும் இல்லையெண்டால் இந்த இடத்தில விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேக்கிறன். ஸ்கூட்டியையும் கோயிலுக்கு எழுதித் தாறன்."

"இதென்ன கேவலம்" என்றார் பின்னால் ஒரு பெண். "வயசு போன மனுசனைச் சட்டையைக் கழட்டு எண்டு..."

"கோயிலில கழட்டச் சொல்லி எழுதி வைச்சதே அவர்தான்!" என்றாள் மேனுகா.

வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், அடிக்கக் கை ஓங்கும் முகத்தோடு. அதற்குள் பெரியம்மாவின் சத்தம் எழும்பியது. அவர் தூணோடு இருந்து பூ கட்டிக்கொண்டிருந்தவர். அதுவரை வாயே திறக்காதவர்.

"கழட்டுங்கோவன்! பன்னிரண்டு நாளா எண்ணெய் பூசிப் பூசி என்ர கையில நாத்தம் போகேல்லை. படுக்கேலாமல் முனகுறார். ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டால் ஊர் அறிஞ்சிடுமாம். இப்ப அறிஞ்சுதுதானே, கழட்டுங்கோ!"

பெரியப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வேர்வை சேட்டின் முதுகில் படமாக இறங்கியிருந்தது. கடைசியில் வந்த சத்தம் அவருடைய சத்தம் போலவே இல்லை.

"மாடு குறுக்கால வந்தது. கட்டாக்காலி மாடு. மதகில."

மாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது.

"மாடு வரும்" என்றாள் மேனுகா. "விழுந்தது பிழை எண்டு நான் ஒருக்காவது சொன்னனானோ? உங்கட தலையைக் காப்பாத்திப்போட்டு அந்த ஹெல்மெற் செத்துப்போச்சு. அதை எனக்குச் சொல்ல உங்களுக்கு ஒரு வசனம் போதும். சொல்லாமல், அதுக்கு மேல அம்மன்ர முகத்தை ஒட்டி, சந்தனம் வைச்சு, என்ர தலையில ஏத்தினனீங்கள். எட்டு நாள் உடைஞ்ச கோதுக்குள்ள என்ர தலையை வைச்சு ஓட விட்டனீங்கள். திங்கக்கிழமை நான் அதை என்ர அம்மாவின்ர தலையில பூட்டினனான்!"

"நான் கெடுதலுக்கு ஒட்டேல்லைப் பிள்ளை. அம்மன் காப்பாத்துவா எண்டுதான்..."

"அப்ப அந்தத் தோளிலயும் ஒரு ஸ்ரிக்கரை ஒட்டிவிடுங்கோ!"

ஐயர் தட்டைப் பிடித்தபடி நின்றார். யாருக்குக் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பெரியப்பா திரும்பி, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, படியில் இருந்து ஒவ்வொரு காலாக இறங்கிப் போனார். பெரியம்மா பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா பத்து அடி முன்னால் நடந்தார். படலைக்குள் வந்ததும்தான் திரும்பினார்.

"சனத்துக்கு முன்னால அண்ணையை உரிச்சுப்போட்டாய். இனி நான் அந்தக் கோயிலடியில எந்த முகத்தோட நிக்கிறது?"

"என்ர தலை உடைஞ்சிருந்தால் எந்த முகத்தோட நிண்டிருப்பியள்?"

"அவர் ஒப்புக்கொண்டிட்டார்தானே."

"ஒப்புக்கொள்ளேல்லை அப்பா. பிடிபட்டவர். நேற்று நான் கேக்கேக்கை நீங்கள் என்னை நம்பியிருந்தால் நான் கோயிலில கேட்டிருக்க மாட்டன். அவர் சொன்ன பொய்யிலயும் பாக்க, நீங்கள் அந்த ஹெல்மெற்றுக்குள்ள எட்டிப் பாக்காதது..." அவள் முற்றத்தில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டினாள். "புத்தகம் என்ர பேரில இருக்கு. திறப்பை வைச்சிருங்கோ. எத்தினை நாளைக்கு வைச்சிருப்பியள் எண்டு பாப்பம்."

அப்பா விறாந்தைக் கதிரையில் போய் இருந்தார்.

மேனுகா மேசையில் கிடந்த ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அதை வைத்திருந்தால் நடக்கப்போவது அவளுக்குத் தெரியும். யாராவது ஒருவர் அவசரத்துக்கு, பொலிசுக்கு என்று எடுத்துப் போடுவார். தம்பி போடுவான். தம்பியின் கூட்டாளி போடுவான். வெளியால் பார்க்க அவ்வளவு வடிவு. அவள் கோடாலியை எடுத்தாள்.

"நில்லு" என்று அம்மா ஓடி வந்தார். கையில் சுடுதண்ணிக் கிண்ணமும் ஒரு துணியும். "அம்மனோட கொத்தாதை."

இருவரும் குந்தி இருந்து, துணியை நனைத்து நனைத்து வைத்து, ஸ்ரிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார்கள். "மெல்ல, கிழிஞ்சிடும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். முகம் முழுதாக உரிந்து வந்தது. அதற்கு அடியில், வெளி ஓட்டில், நீளமான வெடிப்பு. அதற்குள் மதகின் சுண்ணாம்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அம்மா அந்த வெடிப்பில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் தன் தலையின் இடப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதையோ என்ர தலையில பூட்டினனீ?"

"ஓம்."

அம்மா எழும்பி நின்று விறாந்தையைப் பார்த்தார். "இஞ்சேருங்கோ! இஞ்ச வந்து இதை ஒருக்காப் பாருங்கோ."

அப்பா வரவில்லை. கதிரை மட்டும் கிறீச்சிட்டது.

"கொத்து" என்றார் அம்மா.

மூன்று கொத்தில் ஹெல்மெற் நாலு துண்டானது.

அடுத்த நாள் காலை மேனுகா ஐந்து ஐம்பது பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனாள். கடை திறக்க எட்டரை ஆனது. புது ஹெல்மெற் ஒன்று வாங்கினாள். நெளுக்குளம் வரை வந்த பஸ்ஸில் வந்து, மிச்சத் தூரத்துக்கு ஓட்டோ பிடித்தாள். வீட்டுக்கு வரும்போது பத்து மணி. அப்பா வயலுக்குப் போயிருந்தார். ஸ்கூட்டரின் திறப்பு சீற்றின் மேல் கிடந்தது. பெரியப்பாவை விதுசன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். முதல் இரண்டு வீட்டுக்கும் அன்று நேரம் போதவில்லை. மூன்றாவது வீட்டில் இருந்து வேலையைத் தொடங்கினாள்.